புதிய ரூகர் பிசி கார்பைன்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

டெக்சாஸில் வசிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. கிரீன் கார்டு கிடைத்த பிறகு, தம் முதல் துப்பாக்கியாக, 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் குட்டை ரைஃபிளான ரூகர் பிசி கார்பைனை வாங்கியிருக்கிறார். மாதம் ஒரு முறை எஃகுத்தட்டுப் போட்டியில் சுட வேண்டும், மற்ற நாட்களில் வீட்டுப் பாதுகாப்புக்கு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாங்கிய வாரத்திலேயே ஒருவர் ட்ரிக்கரை (சுடும் விசையை) மாற்றச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கி, முன்பின் நகரும் எஃகுத் துண்டின்) எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் தோளில் ஊன்றும் அடிக்கட்டையைக் கழற்றிவிட்டுச் சேசிஸ் என்ற சட்டகத்தைப் பூட்டச் சொல்லியிருக்கிறார். கையில் 600 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறார். எதில் தொடங்குவது என்று கேட்கிறார்.

கண் பார்க்கும் இடத்தையும் உடல் படும் இடத்தையும் முதலில் சரி செய்யுங்கள். போல்ட்டையும் அதன் சுருள்வில்லையும் தொடாதீர்கள். இதே மாதிரித் துப்பாக்கியைச் சில ஆண்டுகளாகப் போட்டிகளில் சுட்டு வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மூவரும் சொன்னவற்றில் முழுக்கத் தவறானது ஒன்றுதான்; மற்ற இரண்டும் நேரம் தவறிய ஆலோசனைகள். ஏன் என்பதை இந்தத் துப்பாக்கி இயங்கும் விதத்திலிருந்து விளக்குகிறேன். அது புரிந்துவிட்டால், நாளை வேறு யாராவது வேறொரு உதிரிபாகத்தைப் பரிந்துரைத்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

ஏஆர்-15 போன்ற ரைஃபிள்களில், குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும் வரை போல்ட் குழலோடு பூட்டிக்கொண்டு நிற்கும். பிசி கார்பைனில் அப்படிப்பட்ட பூட்டு எதுவும் இல்லை. தோட்டா வெடிக்கும் கணத்தில் அதன் கூட்டைப் பின்னாலிருந்து தாங்கி நிற்பது போல்ட்டின் எடையும் சுருள்வில்லின் விசையும் மட்டுமே. குண்டு முன்னே பாயும் அதே கணத்தில் கூடு போல்ட்டைப் பின்னே தள்ளத் தொடங்குகிறது. ஆனால் போல்ட் கனமாக இருப்பதால் மெதுவாகவே நகர்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்னகர்வதற்குள் குண்டு குழலைக் கடந்துவிடுகிறது, அழுத்தமும் இறங்கிவிடுகிறது. இதை புளோபேக் முறை என்பார்கள். போல்ட்டைக் கடைந்து எடையைக் குறைத்தால் அது விரைவாகத் திறந்துகொள்ளும். அழுத்தம் இன்னும் அதிகமாக இருக்கும்போதே பித்தளைக் கூட்டின் பின்பகுதி, தோட்டா அமரும் அறையை விட்டு வெளியே வந்துவிடும். தாங்குவதற்குச் சுற்றுச்சுவர் இல்லாத அந்த இடத்தில் கூடு கிழிந்தால், சூடான வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே பீறிட்டு வரும். எனவே எடை குறைத்த போல்ட் என்ற பேச்சை இந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அடியோடு விட்டுவிடுங்கள்.

இந்தக் கனமான போல்ட்தான், 9 மி.மீ. தோட்டாவுக்கு எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலான உதைப்பைத் தருகிறது. முதல் முறை சுடுபவர்கள் பலர் இதைக் கேட்டு வியப்பார்கள்: கைத்துப்பாக்கியின் தோட்டாதானே, ஏன் தோளில் இப்படி இரட்டைத் தட்டாகத் தட்டுகிறது? போல்ட் பின்சென்று மோதுவது ஒரு தட்டு, திரும்பி வந்து குழலின் பின்முனையில் மோதுவது இன்னொரு தட்டு. ரூகர் நிறுவனம் இதைத் தணிக்க, போல்ட்டுக்குள்ளேயே நகரக்கூடிய ஒரு டங்ஸ்டன் எடையை வைத்திருக்கிறது. போல்ட் ஒரு முனையில் மோதி நின்ற பிறகு, உள்ளே இருக்கும் எடை ஒரு கணம் தாமதித்து வந்து மோதுகிறது, எகிறல் அடங்கிவிடுகிறது. மணல் நிரப்பிய சுத்தியல் அடித்த இடத்தில் துள்ளாமல் படிவதும் இதே காரணத்தால்தான். இந்த அமைப்பு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சமன்செய்யப்பட்டது. விறைப்பான அல்லது தளர்வான சுருள்வில்லைப் போட்டு இந்தச் சமனைக் கலைப்பதால் உதைப்பு குறைவதைவிடத் தோட்டா சிக்கிக்கொள்வதே அதிகம்.

இனி, எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. புதிதாக வந்த துப்பாக்கியில் பூசியிருப்பது துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய். ஓட்டத்துக்கான மசகு அன்று. கழற்றித் துடைத்து, குழலுக்குள் காய்ந்த துணியை இரண்டு முறை ஓட்டி, போல்ட் உராயும் இடங்களில் மட்டும் மெல்லியதாக எண்ணெய் இடுங்கள். அதன் பிறகு குறைந்தது 300 தோட்டாக்களையாவது, முடிந்தால் 500 தோட்டாக்களை, எந்த மாற்றமும் செய்யாமல் சுடுங்கள். உடன் வரும் துளைவளையப் பின்குறியும் காப்பிட்ட முன்குறியும் நன்றாகவே இருப்பவை. அவற்றைக் கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். இந்த 500 தோட்டாக்களில்தான் துப்பாக்கியின் உண்மையான குறை எது, உங்கள் பழக்கத்தின் குறை எது என்பது பிரிந்து தெரியும். முதல் நாளே ஐந்து உறுப்புகளை மாற்றிவிட்டு ஆறாவது நாள் தோட்டா சிக்கினால், காரணத்தைத் தேடுவதற்குத் தலை எது வால் எது என்று தெரியாமல் போய்விடும்.

அந்த முதல் நாட்களிலேயே கவனிக்க வேண்டிய ஒரு சிறு வளையம் இருக்கிறது. பிசி கார்பைனை முன்பாதி, பின்பாதி என இரண்டாகக் கழற்றலாம். போல்ட்டைப் பின்னிழுத்துத் திறந்து நிறுத்தி, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) எடுத்து, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, முன்கட்டைக்கு அடியில் இருக்கும் சிறு நெம்பை முன்தள்ளிக் குழலைத் திருகினால் கையோடு வந்துவிடும். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் குழலைச் சுற்றி ஒரு சரிசெய் வளையம் உண்டு. இணைப்பு எவ்வளவு இறுக்கமாக அமர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. துப்பாக்கியைச் சேர்த்த பிறகு, ஒரு கையால் பின்பாதியையும் இன்னொரு கையால் குழலையும் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் கழற்றி, வளையத்தை ஒரு பல் அளவுக்குத் திருகி, மீண்டும் சேர்த்துப் பாருங்கள். திருகிச் சேர்க்கும்போது கையில் உறுதியான எதிர்ப்பு தெரிய வேண்டும். ஆனால் மணிக்கட்டு நோகும் அளவுக்கு இறுக்கம் வேண்டாம். சில நூறு தோட்டாக்கள் சுட்ட பிறகு பரப்புகள் படிந்து இணைப்பு சற்றுத் தளரும். அப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் குறிபார்க்கும் கருவி பின்பாதியிலும் குழல் முன்பாதியிலும் இருப்பதால், இந்த வளையம் தளர்ந்திருந்தால் நீங்கள் வாங்கிப் பூட்டும் எந்த விலையுயர்ந்த கருவியும் பயன் தராது.

முதல் செலவு, குறிவைக்கும் இடத்தை ஒளிப்புள்ளியால் காட்டும் கருவியான ரெட் டாட்டாக இருக்கட்டும். போல்ட் இருக்கும் உடற்பகுதியான ரிசீவரின் மேலேயே பிக்கட்டினி ரெயில் (கருவிகளைப் பூட்டும் பள்ளமிட்ட பட்டை) இருப்பதால் தனியாகத் தளம் வாங்கத் தேவையில்லை. இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை உயரத்தைப் பற்றியது. கடைகளில் கிடைக்கும் ரெட் டாட்டுகளோடு வரும் உயரமான தாங்கி ஏஆர்-15க்கு ஏற்றது. அந்தத் துப்பாக்கியின் அடிக்கட்டை குழலின் நேர்கோட்டிலேயே பின்னோக்கிச் செல்வதால் கண் உயரத்தில் நிற்கும். பிசி கார்பைனின் அடிக்கட்டையோ வேட்டைத் துப்பாக்கிபோல் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். உயரத் தாங்கியைப் பூட்டினால், கன்னம் கட்டையில் படியாது. தாடை நுனியை மட்டும் ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். அதனால் தாழ்ந்த தாங்கியையே பூட்டுங்கள். ஹோலோசன், சிக் சாவர் ரோமியோ 5, வோர்ட்டெக்ஸ் ஆகியவற்றின் சிறிய ரெட் டாட்டுகளில் எதுவும் இந்தத் துப்பாக்கிக்குப் போதும். சிலவற்றின் பெட்டியிலேயே தாழ்ந்த தாங்கியும் உயர்ந்த தாங்கியும் சேர்ந்து வரும். தாழ்ந்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆகவே 2 எம்ஓஏ புள்ளி 50 கெஜத்தில் ஓர் அங்குலத்தை மறைக்கும், 6 எம்ஓஏ புள்ளி மூன்று அங்குலத்தை மறைக்கும். ஸ்டீல் சேலஞ்ச் போட்டியின் தட்டுகள் 10 அங்குல, 12 அங்குல வட்டங்களும் 18க்கு 24 அங்குலச் செவ்வகங்களும்தான். மிகத் தொலைவானதே 35 கெஜத்தில்தான் இருக்கும். எனவே போட்டிக்கு மட்டும் என்றால் பெரிய புள்ளி விரைவாகக் கண்ணில் படும். உங்களுக்கு இரண்டு பயன்பாடும் வேண்டும் என்பதால், 2 எம்ஓஏ புள்ளியை வாங்கி, போட்டியன்று ஒளியைக் கூட்டி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

ஜீரோ செய்வதை, அதாவது குண்டு படும் இடத்தையும் புள்ளியையும் பொருத்துவதை, சற்று விரிவாகச் சொல்கிறேன். கைத்துப்பாக்கியின் 4 அங்குலக் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 1,150 அடி வேகத்தில் போகும் 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு, இந்த 16 அங்குலக் குழலில் 1,300 அடி அளவுக்குப் போகும். அதை 50 கெஜத்தில் புள்ளியோடு பொருந்துமாறு சரிசெய்தால், 25 கெஜத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசமே இருக்கும். 100 கெஜத்தில் ஐந்தாறு அங்குலம் கீழே விழும். வீட்டுக்குள் ஏழு கெஜத்தில் நிலைமை வேறு: ரெட் டாட் குழலுக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு அங்குல உயரத்தில் இருப்பதால், குண்டு புள்ளிக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளியே படும். இதைக் காகிதத்தில் ஒரு முறை சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 25 கெஜத்தில் தொடங்குங்கள். பை மீது துப்பாக்கியைக் கிடத்தி மூன்று முறை சுட்டு, மூன்று துளைகளின் நடுப்புள்ளியிலிருந்து அளவெடுங்கள். சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக்குக்கு ஒரு எம்ஓஏ நகரும் ரெட் டாட் என்றால், 25 கெஜத்தில் நான்கு கிளிக் ஓர் அங்குலம், 50 கெஜத்தில் இரண்டு கிளிக் ஓர் அங்குலம். ஒரு துளையை வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மறுபடி மூன்று சுடுங்கள்.

திருகாணிகளைப் பற்றி ஒரு அனுபவம். என் முதல் ரெட் டாட்டைக் கையால் இறுக்கிப் பூட்டியிருந்தேன். இரண்டு மாதங்கள் வரை, ஒரு நாள் சரியாகப் படும், மறுநாள் நான்கு அங்குலம் இடப்பக்கம் போகும். குழல் இணைப்பையும் தோட்டாக்களையும் சந்தேகித்து, வளையத்தைத் திரும்பத் திரும்பத் திருகினேன். கடைசியில், போட்டி ஒன்றில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், ஆயுதத்தைப் பாதுகாப்பு மேசையில் வைக்கச் சொல்லி, ரெட் டாட்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினார். அது ரெயிலின் மேல் அசைந்தது. அன்றிலிருந்து, திருகாணியை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு இட்டு, முறுக்குவிசை காட்டும் திருப்புளியால் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்குகிறேன். பிறகு திருகாணியின் தலையிலிருந்து தாங்கி வரை வெள்ளை மையால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் தளர்ந்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரியும். சிவப்பு லாக்டைட்டை இங்கே பயன்படுத்தாதீர்கள். பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது.

இரண்டாவது, உடலோடு பொருந்துவது. அடிக்கட்டையின் பின்முனையில் ரப்பர் பட்டைக்கு முன்னே கழற்றிச் சேர்க்கக்கூடிய தட்டைகள் இருக்கின்றன. விசையிலிருந்து (ட்ரிக்கரிலிருந்து) தோள் வரையிலான நீளத்தை அவற்றால் கூட்டிக் குறைக்கலாம். நம்மில் பலருக்குத் தொழிற்சாலை நீளம் சற்று அதிகம். முழங்கை வசதியாக மடங்கி, மூக்கு நுனி கட்டைவிரலிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் தள்ளி இருந்தால் நீளம் சரி. வீட்டில் உங்கள் துணைவியாரும் சுடப் பழகுவார் என்றால், இருவரில் குட்டையானவருக்கு ஏற்ப வையுங்கள். நெட்டையானவர் குறுகிய கட்டையைச் சமாளித்துவிடலாம், குட்டையானவர் நீண்ட கட்டையைச் சமாளிக்க இடுப்பைப் பின்னுக்கு வளைப்பார், உதைப்பு அவரைத் தள்ளும். அடுத்து, இரு முனைகளிலும் மாட்டும் வார்ப்பட்டை ஒன்று. போட்டிக்கு அது தேவையில்லை. வீட்டில், ஒரு கையால் கதவைத் திறக்கவோ குழந்தையைத் தூக்கவோ வேண்டிவந்தால் தேவைப்படும்.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்று சொன்னதால் விளக்கைத் தனியாக வலியுறுத்துகிறேன். முன்கட்டையின் அடியில் இருக்கும் சிறு ரெயிலில் நல்ல கைவிளக்கு அளவு ஒளி தரும் ஒரு துப்பாக்கி விளக்கைப் பூட்டுங்கள். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. இரவுப் பணி முடிந்து திரும்பிய உறவினரையோ தண்ணீர் குடிக்க எழுந்த மகனையோ அடையாளம் காண வெளிச்சம் ஒன்றே வழி. அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகளே; 9 மி.மீ. குண்டு அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகவே எந்தத் திசையில் யார் உறங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்துக்கொள்வதும் துப்பாக்கியைத் தயார் செய்வதில் அடங்கும்.

மேகசினைப் பொறுத்தவரை இந்தத் துப்பாக்கி தாராளமானது. ரூகரின் எஸ்ஆர்9, செக்யூரிட்டி-9 கைத்துப்பாக்கிகளின் மேகசின்களைச் செருகும், கழற்றி மாற்றக்கூடிய துளைப்பகுதி பூட்டப்பட்டு வரும். கிளாக் கைத்துப்பாக்கி மேகசின்களுக்கான துளைப்பகுதி பெட்டிக்குள்ளேயே உடன் வரும் மாதிரிகளும் உண்டு. உங்களிடம் கைத்துப்பாக்கியும் இருந்தால், எது அதற்குப் பொருந்துமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிளாக் பக்கம் போவதே மலிவு, எங்கும் கிடைக்கும். மேகசின்களுக்கு எண்ணிட்டு வையுங்கள். தோட்டா சிக்குவதில் பெரும்பங்கு துப்பாக்கியின் குறையன்று, ஒரு குறிப்பிட்ட மேகசினின் வாயோரம் வளைந்திருப்பதுதான். எண் இருந்தால் மூன்று போட்டிகளுக்குள் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். போல்ட்டை இழுக்கும் கைப்பிடியையும் மேகசின் விடுவிக்கும் பொத்தானையும் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, வலக்கையை விசைப்பிடியிலிருந்து எடுக்காமல் இடக்கையால் போல்ட்டை இழுக்க விரும்புபவர்களுக்கும் இது உதவும்.

இப்போது ட்ரிக்கர். உங்கள் நண்பர் சொன்னது தவறில்லை, ஆனால் 500 தோட்டாக்கள் கழித்து முடிவெடுக்க வேண்டியது அது. பிசி கார்பைனின் விசை அமைப்பில் ரூகரின் 10/22 ரைஃபிளின் உறுப்புகளே பயன்படுகின்றன. அதனால் சுத்தி (தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைத் தருவது), சியர் (விசையை இழுக்கும் வரை சுத்தியைப் பிடித்து நிறுத்துவது) போன்ற மேம்பட்ட உறுப்புகளுக்குச் சந்தையில் பஞ்சமில்லை. தயாரிப்பாளர் பிசி கார்பைனுக்கு என்றே சொல்லி விற்கும் முழுத் தொகுப்பை மட்டும் வாங்குங்கள். சுத்திக்கு மட்டும் மெல்லிய சுருள்வில்லைப் போட்டு விசையை இலகுவாக்க வேண்டாம். சுத்தியின் அடி வலுவிழந்தால் தோட்டாவின் அடிமுனை சரியாக வெடிக்காமல், வீட்டில் தேவைப்படும் நேரத்தில் வெறும் 'டிக்' என்ற ஒலிதான் கேட்கும். சியரின் பரப்பை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அந்தப் பரப்பின் கோணம் சிறிது மாறினாலும், பாதுகாப்புப் பொத்தானை விடுவிக்கும்போது சுத்தி விழலாம். ஒரு முறை விசையை இழுத்தால் இரண்டு தோட்டா வெடிக்கலாம். இரண்டாவது நிலை உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் பெருங்குற்றமாக மாறக்கூடியது. உறுப்பை மாற்றிய பிறகு, துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை இழுத்துவிட்டுப் பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்துங்கள்: சுத்தி விழக்கூடாது. விரலை எடுத்துவிட்டுப் பொத்தானை விடுவியுங்கள்: அப்போதும் விழக்கூடாது. விசையை அழுத்தியபடியே போல்ட்டை மீண்டும் இழுத்துவிட்டு, பிறகு விசையை மெதுவாக விடுங்கள்: சியர் பிடிக்கும் சிறு சொடுக்கொலி கேட்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கித் தச்சரிடம் கொண்டுபோங்கள்.

குழல்முனையில் பூட்டும் காம்பென்சேட்டருக்கு உங்கள் பணத்தைச் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். 9 மி.மீ. தோட்டாவின் மருந்து 16 அங்குலம் கடப்பதற்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. குழல்முனையில் எஞ்சும் வாயு அழுத்தம் குறைவு. அதைத் திசைதிருப்பி உதைப்பைக் குறைக்கப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை இங்கே மிக முக்கியம். இந்தக் குழல்முனையின் மரை 1/2-28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று). ஏஆர்-15இன் 5.56 மி.மீ. குழலிலும், பல .22 குழல்களிலும் இதே மரைதான். எனவே 5.56க்காகச் செய்த மஸில் பிரேக் (இதுவும் குழல்முனையில் பூட்டும் உதைப்புத் தணிப்பான்) இதில் அழகாகத் திருகிக்கொள்ளும், கையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதன் துளை 9 மி.மீ. குண்டைவிடச் சிறியது. முதல் தோட்டாவிலேயே குண்டு அதில் மோதிச் சிதறும். பழைய பொருட்கள் விற்கும் மேசையில் பெயரில்லாத ஒரு பிரேக்கை மலிவாகத் தந்தால், அதன் துளை விட்டத்தை அளந்து பார்க்காமல் பூட்டாதீர்கள்.

சேசிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூகரே சேசிஸ் வடிவ மாதிரியை விற்கிறது. மேக்பூல் நிறுவனம் பிசி கார்பைனுக்கென்றே பேக்பேக்கர் கட்டையைத் தயாரிக்கிறது, அதில் கழற்றிய குழல் பகுதி அடிக்கட்டையோடு மாட்டிக்கொள்ளும். பயணத்துக்கு அது வசதி. சுமார் 6.8 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் சேசிஸ் பெரும்பாலும் எடையைக் கூட்டத்தான் செய்யும். உங்கள் கன்னமும் தோளும் இப்போதைய கட்டையில் வசதியாகப் பொருந்தினால் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி, நம்மவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, 1934ஆம் ஆண்டின் தேசிய ஆயுதச் சட்டத்தின்படி அது குறுங்குழல் ரைஃபிள். முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெறாமல் வைத்திருப்பது கடுங்குற்றம். உங்கள் குழலின் நீளம் 16.12 அங்குலம். எல்லைக்கும் அதற்கும் இடையே இருப்பது எட்டில் ஒரு பங்கு அங்குலம் மட்டுமே என்பதால், முனையைச் சீவிச் சரிசெய்வது என்ற பேச்சே கூடாது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் ரைஃபிளுக்கும் இருந்த 200 டாலர் வரி நீங்கிவிட்டது. பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. டெக்சாஸில் மேகசினுக்கு வரம்பில்லை. ஆனால் வேலை மாறி கலிபோர்னியாவுக்கோ நியூயார்க்குக்கோ நியூஜெர்சிக்கோ குடிபெயர்ந்தால் 10 தோட்டாதான் வரம்பு. கலிபோர்னியாவில், கழற்றக்கூடிய மேகசின் உள்ள இதே துப்பாக்கியில் மரபான கட்டையை எடுத்துவிட்டுப் பிஸ்டல் பிடி உள்ள சேசிஸைப் பூட்டினால், அது தடைசெய்யப்பட்ட வகைக்குள் போய்விடும். நியூயார்க்கில் மரையிட்ட குழலே சிக்கலைத் தரும்.

உங்கள் கிரீன் கார்டு உங்களுக்கு உரிமை தருகிறது. வீட்டில் மற்றவர்களுக்கு அது பொருந்துமா என்பதைப் பாருங்கள். எச்-1பி, எஃப்-1, பார்வையாளர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கும்போது, பெட்டகத்தின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். விசாவில் இருக்கும் நண்பர் ஆசைப்பட்டுக் கேட்டாலும், இதைத் தெரிந்துகொள்ளாமல் சுடுதளத்தில் துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காதீர்கள். இன்னொன்று: சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுத்துப்போகவே கூடாது. பையின் மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்து எக்ஸ்ரேயில் தெரிந்தால், ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகி, விடுமுறை முழுவதும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கழியும். இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு பைகள், இரண்டு நிறங்கள் என்று இன்றே பிரித்துவிடுங்கள்.

உங்கள் 600 டாலருக்கு வருகிறேன். பாதிக்குச் சற்றுக் குறைவாக ரெட் டாட்டுக்கும் விளக்குக்கும் வார்ப்பட்டைக்கும், மேகசின்கள் நான்கு, முறுக்குவிசைத் திருப்புளி ஒன்று, அது பிற்காலத்தில் எல்லா வேலைக்கும் உதவும், போட்டிக்கு அறையில் செருகும் மஞ்சள் நிறக் கொடி ஒன்று, அது சில டாலர்தான், ஆனால் அது இல்லாமல் கார்பைனைப் பையிலிருந்து எடுக்கவே விடமாட்டார்கள். மீதி முழுவதும் தோட்டாவுக்கு. பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு தோட்டா வாங்காமல், ஒரே தயாரிப்பில் 115 கிரெயினோ 124 கிரெயினோ ஒன்றைத் தேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். வீட்டுக்கு வைத்திருக்கும் குழிமுனைத் தோட்டாவிலும் குறைந்தது இரண்டு மேகசின் அளவைச் சுட்டு, அது சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தேதி, சுட்ட எண்ணிக்கை, எந்த எண் மேகசின், என்ன சிக்கல், வளையத்தைத் திருகினீர்களா என்று எழுதுங்கள். 500 என்ற எண் அந்த நோட்டில் வரும்போது, ட்ரிக்கர் உங்களைத் தொந்தரவு செய்கிறதா இல்லையா என்பதை அந்தப் பக்கங்களே சொல்லும். அப்போது மீண்டும் எழுதுங்கள், எந்தத் தொகுப்பை வாங்கலாம் என்று பேசுவோம்.